பாம்பன் பிள்ளைகளோடு கடைசி வாரம்

திங்கள்

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு என் பாம்பன் வாசம் முடிகிறது. மறுநாள் ராமேசுவரத்தில் ரயிலேறித் திருச்சி, அங்கிருந்து விமானத்தில் கோலாலம்பூர், அப்புறம் கெடாவில் என் வீடு.

இப்போதுதான் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கே தென்கடல் பக்கம் ஒரு மீனவர் குடியிருப்பில், சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் மாலைப் படிப்பகத்தில், இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பும் கணக்கும் சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது. இந்தியாவின் மின்-சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத தொண்டு செய்யலாம், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. அதனால் வரும்போதே போகும் தேதியும் முடிவாகிவிட்டது.

பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் நான் இங்கே போடுவதில்லை. அவர்கள் வீட்டுக் கஷ்டத்தை முகத்தோடு சேர்த்து ஊருக்குக் காட்ட எனக்கு உரிமை இல்லை. கொலுசுப் பிள்ளை, கேள்விக்காரன் என்று நான் எழுதினால் யாரென்று அவர்களுக்குத் தெரியும். அது போதும்.

படிப்பகத்தை நடத்துவது இந்த ஊர்ப் பெண்தான். இருபதுகளில் இருக்கிறார், பி.ஏ. முடித்தவர், அம்மா கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவர். பிள்ளைகள் அக்கா என்று கூப்பிடுவதால் வயதில் மூத்த நானும் அக்கா என்றே கூப்பிடப் பழகிவிட்டேன். நான் வந்த அன்றே அவர் வைத்த முதல் கோரிக்கை இது: "போற தேதிய இன்னிக்கே பிள்ளைககிட்ட சொல்லிருங்க டீச்சர்." முன்பு வந்த சிலர் கடைசி நாள் வரை சொல்லாமல் இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் அழுவார்கள் என்ற பயம். அடுத்த நாள் சாயங்காலம் பிள்ளைகள் வந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அதற்கடுத்து வந்தவரிடம் இரண்டு பேர் வாயே திறக்கவில்லையாம்.

அதனால் முதல் நாளே சொன்னேன். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தேதியைக் கேள்விக்காரன்தான் சிவப்பு மையால் வட்டமிட்டான். இன்றைக்கு உள்ளே நுழைந்ததும் கொலுசுப் பிள்ளை கேட்டாள்: "ஞாயித்துக்கிழமைக்குப் பெறகு யாரு மிஸ் கதை வாசிப்பா?"

"அக்கா வாசிப்பாங்க. நீயும் வாசிப்ப."

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தனக்கு 'ழ' இன்னும் சரியாக வரவில்லை என்றாள். இந்த வாரம் அதைப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

செவ்வாய்

அமாவாசையை ஒட்டிய நாட்கள் என்பதால் அம்மாக்கள் பாசிக்குப் போகிறார்கள். விடிவதற்கு முன்பே அக்கா என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. நான் படகில் ஏறவில்லை, கரையோடு நின்றுகொண்டேன்.

அவர்கள் தயாராவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை. பழைய துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு விரலிலும் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கிக் கட்டுகிறார்கள். பாறையும் பவளப்பாறையும் விரலைக் கிழிக்கும். காலுக்கு ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. சிலர் நீந்துவதற்காகத் தகரத் தட்டைக் காலில் கட்டிக்கொள்கிறார்கள். மூச்சை அடக்கி முங்கி, கையால் பறித்து, பையில் திணித்து, மேலே வந்து, திரும்பவும் முங்கி. மணிக்கணக்கில் இதுதான் வேலை.

கேள்விக்காரனின் அம்மா கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகளில் ரேகையே இல்லை.

எந்தப் பாசியை எப்போது எடுக்கலாம், எப்போது வளரவிட வேண்டும் என்பதை இந்தப் பெண்களே பேசி வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், மற்ற நாளெல்லாம் கடலுக்கு ஓய்வு. பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது இந்தப் பாசிப் பெண்களின் வேலைக்காகத்தான். அவரைப் பற்றிப் பேசும்போது இங்குள்ள பெண்களின் குரலே மாறுகிறது. தேசியப் பூங்கா வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாட்டி காலத்திலிருந்து முங்கிய இடத்தில், இப்போது பூங்கா என்று சொல்லி இவர்களைத் திருடர்கள் மாதிரி நடத்துவது நியாயமே இல்லை.

இவர்கள் கிளம்பும் நேரத்தில் வீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பெரிய பிள்ளை எழுந்து சின்னதைக் கிளப்பிப் பள்ளிக்குக் கூட்டிப்போகும். 2022-இல் தொடங்கி அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்தக் கரையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே நின்று பார்த்தால்தான் தெரிகிறது. "பிள்ளை அங்கிட்டு போயி சாப்டுரும்னு நெனச்சுக்கிட்டே முங்குவேன் டீச்சர்," என்றார் அந்த அம்மா.

மரிக்கொழுந்துப் பாசி என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஈரத்தில் கருஞ்சிவப்பாக, கிளை கிளையாக இருக்கிறது. இதைக் காயவைத்து வியாபாரிக்குப் போட்டால் மதுரைப் பக்கத்து ஆலைகளில், ஜெல்லி மாதிரி உறையவைக்கும் அகார் ஆகிறது. கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

புதன்

இன்றைக்குப் பாடம் நடத்தியது பிள்ளைகள். தலைப்பு காற்று.

வடக்கிலிருந்து வாடை வந்தால் தீவின் வடக்கே உள்ள வடகடல் புரளும், தெற்கே உள்ள தென்கடல் சும்மா கிடக்கும். மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் தென்கடல் எழும்பிவிடும், வல்லத்தை, அதாவது சிறிய மீன்பிடிப் படகை, வடகடலுக்குக் கொண்டுபோக வேண்டும். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம். இதையெல்லாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை தரையில் சாக்குக்கட்டியால் தீவின் படம் போட்டு, அம்புக்குறி வைத்துச் சொல்கிறது. பாம்பன் பாலத்துக்கு மட்டும் இரண்டு பேருக்குள் சண்டை, பழைய பாலத்தைப் போடுவதா புதியதைப் போடுவதா என்று. 1914-இன் பழைய ரயில் பாலம், 1988-இன் சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் என்று மூன்றையும் போட்டு முடித்தார்கள். புதிய பாலத்தில் கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். அந்த எண்களை வைத்தே ஐந்தாம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்குப் போட்டேன்.

அப்புறம் பேச்சு புயல் கூண்டுக்குப் போனது. துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு என்றால் தொலைவில் எங்கோ காற்று சுழல்கிறது, 10 என்றால் பேரபாயம். 11 என்றால் என்ன என்று கேட்டேன். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான எண் அது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "அப்ப நமக்கு யாரும் சொல்ல மாட்டாக மிஸ். நாமளாத்தான் பாத்துக்கிறணும்."

இந்தப் பையனைப் பற்றி எழுத வேண்டும். நான் வந்தபோது இவனுக்கு எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. 'க', 'ட', 'ல்' என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பான். பாடப்புத்தகத்தைக் காட்டினாலே தோள் இறுகிவிடும். அக்காதான் வழி சொன்னார்: இவன் அப்பாவோடு கரைக்குப் போகிறவன், படகுப் பெயரிலிருந்து தொடங்குங்கள் என்று. தினமும் சாயங்காலம் கரையில் கிடக்கும் வல்லங்களின் பெயர்களை வாசித்தோம். அந்தோணியார், மாதா, முனியசாமி, சந்தன மாரி. ஏற்கெனவே வாயில் இருந்த பெயர்களைக் கண்ணால் அடையாளம் கண்டுகொண்டான். அதன்பின் ஐஸ்பெட்டியில் எழுதியது, சுவரொட்டி, டீக்கடைப் பலகை. இன்று 'கடல் ஓசை' வானொலியின் பெயரை எழுதி வைத்திருந்த பலகையைத் தானாகவே வாசித்தான். பாம்பனிலிருந்தே 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி அது, 90.4-இல் வரும். தானும் ஒருநாள் அதில் காற்று நிலவரம் வாசிக்கப்போவதாகச் சொன்னான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வியாழன்

பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பு எங்கே நிற்கிறது, கணக்கில் எது வருகிறது, எது வரவில்லை என்று அக்காவோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினோம். ராத்திரி காரல் மீன் சொதியும் சோறும். கடைக்குப் போய்க் கடல்பாசி பாக்கெட்டும் தேங்காயும் வாங்கி வைத்தேன்.

வெள்ளி

எங்கள் ஊரில் தீபாவளிக்கு அகார் அகார் இல்லாத வீடு குறைவு. தேங்காய்ப்பால் ஊற்றி, அடுக்கடுக்காக நிறம் வைத்து, துண்டு போட்டு வைப்போம். இங்கே நோன்பு நேரத்தில் இஸ்லாமியர் வீடுகளில் கடல்பாசி செய்வார்கள். படிப்பகப் பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததைச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அம்மா முங்கி எடுக்கும் பாசிதான் அது என்று பலருக்குத் தெரியவில்லை.

"எங்கம்மா எடுக்குறது கருப்பா இருக்கும் மிஸ். இது வெள்ளையா நூலு மாதிரி இருக்கு." கொலுசுப் பிள்ளை நம்பவே இல்லை. அக்கா வீட்டிலிருந்து காய்ந்த மரிக்கொழுந்து ஒரு பிடி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தோம். காயவைத்து, வெளுத்து, காய்ச்சி, வடித்து எடுத்தால் இப்படி வரும் என்று அக்கா விளக்கினார்.

அடுப்பை நான் பார்த்துக்கொண்டேன். ஊறவைத்த இழைகள் கொதிக்கிற தண்ணீரில் கரைந்து காணாமல் போவதை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சர்க்கரை, தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு. தட்டில் ஊற்றியதும் கேள்விக்காரன் ஃப்ரிட்ஜ் எங்கே என்றான். வேண்டாம் என்றேன். ஜெலட்டின் இந்த வெயிலில் உறையாது. அகார் 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகிவிடும், அதைத் திரும்பக் கரைக்க வேண்டுமென்றால் 85 டிகிரி வரை சூடாக்க வேண்டும். பாம்பன் வெயிலுக்கு அது அசையாது. தட்டைச் சுற்றி உட்கார்ந்து, விரலால் தொடாமல் காத்திருப்பதே பெரிய பாடமாகிவிட்டது.

சாயங்காலம் பாசிக்குப் போய் வந்த அம்மாக்கள் சிலர் வாசலில் வந்து நின்றார்கள். தலை இன்னும் ஈரம். பிள்ளைகள் முதல் துண்டுகளை எடுத்துக்கொண்டு அவர்களிடம் ஓடினார்கள். கொலுசுப் பிள்ளை அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, "ஓம் பாசிதாம்மா இது," என்றாள். அந்த அம்மா இத்தனை வருஷம் பாசி எடுத்தும் அதைச் சாப்பிட்டதில்லையாம். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனி

தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு எல்லோரும் போய்வந்தோம். அக்கா, நான்கு அம்மாக்கள், பிள்ளைகள், நான். ராமேசுவரம் போய், அங்கிருந்து தனுஷ்கோடிப் பேருந்து. இரண்டு பக்கமும் கடல், நடுவில் சாலை. 2017-இல் இந்தச் சாலை திறப்பதற்கு முன் மணலில் வேனில் குலுங்கிப் போக வேண்டியிருந்தது என்று அம்மாக்கள் சொன்னார்கள். வழியில் தேங்கிய நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. பிள்ளைகள் அதை எண்ணத் தொடங்கி, பஸ் நகர்ந்ததும் கோபித்துக்கொண்டார்கள்.

இடிந்த தேவாலயத்தின் நிழலில் உட்கார்ந்து 1964 டிசம்பர் புயலைப் பற்றி ஒரு அம்மா சொன்னார். அவருடைய பாட்டி தனுஷ்கோடிக்காரர். 22-ஆம் தேதி நள்ளிரவில் கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை அப்படியே அடித்துப்போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஊரே வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாட்டி கடைசி வரை வாடை பலமாக அடித்தால் தூங்கமாட்டாராம்.

பிள்ளைகள் இதை ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒருவரும் பேசவில்லை.

முனையில் நின்றபோது நடந்ததை எழுதலாமா என்று அக்காவிடமும், அந்தப் பிள்ளையின் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா தை பிறப்பதற்கு முன்னாலிருந்து அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கிறார். எல்லை தாண்டிவிட்டதாகப் பிடிபட்ட விசைப்படகில் கூலிக்குப் போனவர். அவள் என் பக்கத்தில் வந்து நின்று கிழக்கே கையை நீட்டினாள். "அங்கிட்டுத்தானா மிஸ்?"

"ஆமா, அந்தப் பக்கம்தான்." தலைமன்னார் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது.

"அப்பா வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

1974, 1976 ஒப்பந்தங்கள் இரண்டு நாட்டுக்கும் நடுவே கடலில் போட்ட கோடு, கச்சத்தீவு, கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை, மீன்பாடு குறைந்தது, படகு முதலாளியின் கடன் என்று பெரியவர்களுக்குப் பேச எவ்வளவோ இருக்கிறது. அக்கரைத் தமிழ் மீனவர்களும் இழுவைமடியால் தங்கள் வலையும் கடலும் அழிகிறது என்கிறார்கள். 2017-இல் இலங்கை அதைச் சட்டப்படி தடை செய்தது. அவர்கள் சொல்வதும் வயிற்றுப்பாடுதான். அந்தக் கரையிலும் இதே வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவளுக்கு இதில் எதுவும் பதில் இல்லை. அப்பா சொன்ன சொல் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோளில் கை வைத்து அவளோடு அப்படியே நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் கேள்விக்காரன் நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டான். "நீங்க திரும்பி வருவீகளா மிஸ்?"

அந்த நான்காம் வகுப்புப் பிள்ளை அடுத்த இருக்கையில் இருந்தாள். இந்தத் தீவில் வருவேன் என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் எங்கள் ஊரில் கிடையாது. அன்பாக இருக்கட்டுமே என்று அடுத்த வருஷம் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவது பெரிய கொடுமை. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, டிக்கெட் விலை இருக்கிறது. அதையெல்லாம் அப்படியே சொன்னேன். "வர ஆசை. வர முடியுமான்னு எனக்கே தெரியாது. அதனால வருவேன்னு சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ஒரு கடிதம் போடுவேன். அது நிச்சயம்."

அவன் தலையாட்டினான். பிறகு கடிதம் கப்பலில் வருமா விமானத்தில் வருமா என்று கேட்டான்.

இன்னொரு சின்ன விஷயம். கரையில் ஒருவன் உடைந்த பவளத்துண்டைப் பொறுக்கி எனக்காகக் கொண்டுவந்தான். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, எடுத்துப்போகக் கூடாது என்று அக்கா அவனிடம் சொன்னார். அவன் அதை வீசி எறியவில்லை. முழங்கால் தண்ணீர் வரை போய், குனிந்து வைத்துவிட்டு வந்தான்.

ஞாயிறு

விழா, மாலை, சான்றிதழ், குழுப் படம் எதுவும் வேண்டாம் என்று அக்காவும் நானும் முன்பே பேசிவிட்டோம். போகிறவரைச் சுற்றியே கடைசி நாள் நடந்தால், மறுநாள் படிப்பகம் வெறிச்சென்று தெரியும். அதனால் இன்று வகுப்பை அக்கா நடத்தினார், நான் பின்வரிசையில் பாயில் உட்கார்ந்தேன்.

காலையில் திருப்பலிக்குப் போனவர்கள் நல்ல சட்டையோடு வந்திருந்தார்கள். கொலுசுப் பிள்ளை 'வாழைப்பழம்' என்று எழுதிக் காட்டி, இரண்டு 'ழ'வையும் அழுத்தி வாசித்தாள். பிறகு ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஒரு முழுக் கதையையும் வாசித்தான். இரண்டு இடத்தில் நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு இடத்திலும் தானே சேர்த்துவிட்டான். நான்காம் வகுப்புப் பிள்ளை தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை அக்காவிடம் கொடுத்தாள், வாரத்துக்கு ஒன்று எழுதப்போகிறாளாம். அனுப்பும் வழியை அக்கா விசாரித்து வைத்திருக்கிறார்.

கண்ணீர் வரத்தான் செய்தது, எனக்கும் அவர்களுக்கும். அழக்கூடாது என்று யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஆறரை மணிக்கு அக்கா வாய்பாடு சொல்லத் தொடங்கியதும் பாதிப் பேர் அழுதுகொண்டே ஏழாம் வாய்பாடு சொன்னார்கள்.

நோட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுக்கவில்லை, கடிதம் படிப்பக முகவரிக்கு வரும், எல்லோருக்கும் சேர்த்து ஒன்றாக.

மலேசியாவிலிருந்து இப்படி வர நினைப்பவர்களுக்குச் சிலது. நீங்கள் நம் தமிழ்ப்பள்ளியில் படித்தவராக இருந்தால் இங்கே தேவைப்படுவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பினாங்கில் 1816-இல் தொடங்கிய தமிழ்க் கல்வி நம்மை இதுவரை கொண்டுவந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் இங்கே கொடுக்கலாம். வருவதற்கு முன் உங்கள் ஊர்க் காவல் துறையில் நன்னடத்தைச் சான்று வாங்குங்கள். அதைக் கேட்காமலே பிள்ளைகளோடு பழகவிடும் இடத்துக்குப் போகாதீர்கள். உள்ளூர் ஆசிரியர் இல்லாத இடத்துக்கும் வேண்டாம், நீங்கள் கிளம்பியதும் அங்கே பாடம் நின்றுவிடும். மிட்டாய், பொம்மை கொண்டுவர வேண்டாம். வர முடியாதவர்கள் பொருளாக அனுப்பலாம். அக்காவின் பட்டியலில் இப்போது முதலில் இருப்பது இரண்டாம் வகுப்புக்கான பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், அடுத்து ஒரு சுவர்க் கடிகாரம், அப்புறம் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு நல்ல உலகப் படம்.